ஆடுவோரும் ஆட்டத்தை நடத்துவோரும்

நுழைவாயில்

விளையாட்டு என்றவுடன் வீரரின் முகமே நினைவுக்கு வருகிறது. போட்டிக்கு நாள் குறித்தவரும், வாயிலில் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தியவரும், முதலுதவிப் பெட்டியுடன் காத்திருந்தவரும் நினைவுக்கு வருவதில்லை. அவர்கள் ஆற்றும் பணிகளின் தொகுப்பே விளையாட்டு மேலாண்மை. அதனை உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பதை இக்கருத்துக் கட்டுரை ஆராய்கிறது.

ஏரிக்கரையில் ஒரு பாடம்

கொல்கத்தாவின் தென்பகுதியில், ராஸ்பிகாரி அவென்யூவை ஒட்டி அமைந்துள்ளது லேக் மார்க்கெட். பூச்சரமும் வாழையிலையும் காபித்தூளும் கிடைக்கும் இவ்விடம், வேலை தேடி வங்கம் வந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பல தலைமுறைகளாக ஊர் நினைவைத் தந்து வருகிறது. அருகிலுள்ள பெரிய ஏரி 1958ஆம் ஆண்டு முதல் ரவீந்திர சரோவர் என்னும் பெயரால் வழங்கப்படுகிறது. அதன் கரையில் நூறாண்டுக்கும் மேற்பட்ட மரபுடைய படகோட்டம் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. பள்ளி மாணவர் பலர் அங்குத் துடுப்புப் பிடிக்கக் கற்கின்றனர்.

2022ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் மாலை, அந்த ஏரியில் பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்காகப் பயிற்சி நடைபெற்றது. வங்கத்தில் கால்பைசாகி என்று அழைக்கப்படும் கோடைப் புயற்காற்று திடீரென வீசியது. படகு கவிழ்ந்தது. மாணவர் இருவர் உயிரிழந்தனர். அதன் பின்னர்ப் படகோட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. பாதுகாப்பு விதிமுறைகள் வகுக்கப்பட்ட பிறகே மீண்டும் தொடங்கியது.

அந்த விதிமுறைகள் எவற்றைப் பற்றியவை என்று எண்ணிப் பார்த்தால் விளையாட்டு மேலாண்மையின் முதற்பாடம் விளங்கும். வானிலை அறிவிப்பைப் பார்ப்பவர் யார்? பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு? மீட்புப் படகு எங்கே நிற்கும்? படகேறும் மாணவர்க்கு நீச்சல் தெரியுமா என்பதை உறுதி செய்பவர் யார்? ஆட்டத் திறமை எவ்வளவு இருப்பினும் இவ்வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காணப்படாவிடில் களம் பாதுகாப்பானதாகாது.

கூட்டமும் பொறுப்பும்

கொல்கத்தா விளையாட்டை உயிராய்ப் போற்றும் நகரம். மோகன் பகான் கழகம் 1889இலும் ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920இலும் தோன்றின. 1911ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அவ்வெற்றியை இந்நகரம் இன்றும் கொண்டாடுகிறது.

அதே நகரம் நினைவில் வைத்திருக்கும் மற்றொரு நாளும் உண்டு. 1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் அரங்கில் இவ்விரு கழகங்களும் மோதின. இரு அணிகளின் ஆதரவாளர்களும் ஒரே பகுதியில் கலந்து அமர்ந்திருந்தனர். களத்தில் வீரர்களுக்கிடையே எழுந்த சினம் பார்வையாளர் பகுதிக்கும் பரவியது. கைகலப்பிலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் கால்பந்து அன்பர்கள் குருதிக்கொடை அளித்து அவர்களை நினைவுகூர்கின்றனர்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றை மாணவர் பலரும் அறிவர். 2025ஆம் ஆண்டு டிசம்பர் 13 அன்று லயோனல் மெஸ்ஸி சால்ட் லேக் அரங்கிற்கு வந்தார். மிகுந்த விலை கொடுத்துச் சீட்டு வாங்கிய இரசிகர்கள், அவரைச் சூழ்ந்து நின்றவர்களின் முதுகையே கண்டனர். அவர் விரைவில் வெளியேறினார். ஏமாற்றம் சினமாக மாறியது, புட்டிகள் வீசப்பட்டன, இருக்கைகள் உடைக்கப்பட்டன. உலகப் புகழ்பெற்ற வீரரை வரவழைக்க முடிந்தவர்களால், அவரைச் சுற்றி எத்தனை பேர் நிற்கலாம் என்பதை முறைப்படுத்த முடியவில்லை.

இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் தவறு வீரர்களின் திறமையில் இல்லை; ஏற்பாட்டிலேயே குறை இருந்தது. எனவே விளையாட்டு மேலாண்மையை வணிகக் கலையாக மட்டும் அறிமுகம் செய்தல் போதாது. அது முதலில் மனித உயிரையும் மனித மதிப்பையும் காக்கும் கடமையாகும். வணிகம் அதற்கு அடுத்த நிலையில் வைத்துக் கற்பிக்கப்பட வேண்டும்.

மாமல்லபுரம் காட்டிய வழி

நன்கு நடத்தப்பட்ட போட்டிக்குத் தமிழகமே சான்று தருகிறது. 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடைபெறுவதாக இருந்தது. உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கு நடத்தும் திட்டம் கைவிடப்பட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அப்போட்டியை நடத்தும் வாய்ப்பு சென்னைக்குக் கிடைத்தது. ஜூலை 28 அன்று தொடக்க விழா. இடையில் இருந்தவை ஏறத்தாழ நான்கு மாதங்களே.

அக்குறுகிய காலத்தில் மாமல்லபுரத்தில் ஆட்டக்கூடம் அணியமாயிற்று. பொதுப்பிரிவில் 188 அணிகளும் மகளிர் பிரிவில் 162 அணிகளும் பங்கேற்றன. வந்தவர்க்குத் தங்குமிடம், பல நாட்டு உணவு, விடுதிக்கும் கூடத்துக்கும் இடையே பேருந்து, மருத்துவ உதவி, நடுவர் குழு, மொழியறிந்த தொண்டர் எனத் தேவைகள் நீண்டன. வேட்டி கட்டிய குதிரை உருவில் ‘தம்பி’ என்னும் சின்னம் வரவேற்றது. தொடக்கத்துக்குச் சில நாள்கள் முன்னர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆடிய ஒத்திகைப் போட்டி ஒன்றும் நடத்தப்பட்டது. எங்கே குறை நேரும் என்பதை முன்கூட்டியே அறிய அவ்வொத்திகை உதவியது.

வெற்றிக்கிண்ணம் பொதுப்பிரிவில் உஸ்பெகிஸ்தானுக்கும் மகளிர் பிரிவில் உக்ரைனுக்கும் சென்றது. வந்தவர் அனைவரும் அமைதியாக அமர்ந்து ஆட முடிந்ததே நடத்தியவர்களின் வெற்றியாகும். அவ்வெற்றிக்குப் பதக்கம் இல்லை.

அட்டவணையில் உள்ள அறம்

நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு உடற்கல்விப் பாடத்தில் விளையாட்டு நிகழ்வுகளின் மேலாண்மை முதல் அலகாக இடம்பெற்றுள்ளது. திட்டமிடல், ஒருங்கமைத்தல், பணியாளரை அமர்த்துதல், வழிநடத்துதல், கட்டுப்படுத்துதல் ஆகிய ஐந்து பணிகளை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். போட்டி அட்டவணை வரையவும் கற்கின்றனர். ஆயினும் பெரும்பாலும் அது தேர்வுத்தாளில் வரைந்து மதிப்பெண் பெறும் படமாகவே நின்றுவிடுகிறது.

அந்த அட்டவணைக்குள் ஒரு நீதிக்கேள்வி உள்ளது. ஒரு பள்ளியில் 12 அணிகள் உள்ளன என்று கொள்க. தோற்ற அணி உடனே வெளியேறும் நாக்-அவுட் முறையில், அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் கிடைக்கும் 11 ஆட்டங்களே போதும். செலவு குறைவு, நாளும் குறைவு. ஆனால் முதல் ஆட்டத்தில் தோற்ற குழந்தை அன்றே வீடு திரும்புகிறது. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் மோதும் லீக் முறையில் 66 ஆட்டங்கள் தேவை. அதற்குப் பள்ளி நாட்காட்டியில் இடமில்லை.

மூன்று அணிகள் கொண்ட நான்கு பிரிவுகளாகப் பிரித்தால் பிரிவு ஆட்டங்கள் 12, அரையிறுதி 2, இறுதி 1 என 15 ஆட்டங்கள் ஆகும். நான்கு ஆட்டங்கள் மட்டுமே கூடுகின்றன. ஆனால் ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது இரண்டு வாய்ப்புகள் உறுதியாகின்றன. மாமல்லபுரத்திலும் இதே சிக்கல் பெரிய அளவில் இருந்தது. 188 அணிகளை லீக் முறையில் மோதவிட்டால் 17,578 மோதல்கள் தேவைப்படும். சம புள்ளி பெற்றோரை எதிரெதிரே அமர்த்தும் சுவிஸ் முறையால் 11 சுற்றுகளில் போட்டி முடிந்தது. எவரும் இடையில் வெளியேற்றப்படவில்லை.

யார் எத்தனை முறை ஆடலாம் என்பதை அட்டவணை வரைபவரே தீர்மானிக்கிறார். கணக்குப் பாடமும் அறப்பாடமும் இங்கே ஒன்று சேர்கின்றன. இதனை உணர்ந்த மாணவர் அட்டவணையை வெறும் படமாகக் கருதமாட்டார்.

நிருவாகத்தின் தவறும் வீரரின் இழப்பும்

நிருவாகம் தவறினால் துன்புறுவோர் பெரும்பாலும் வீரர்களே. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. இரண்டு வாரங்களுக்குள் தடை விலக்கப்பட்டது. ஆனால் அந்நாள்களில் ஆசிய மகளிர் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை சென்றுவிட்ட கோகுலம் கேரளா அணி, களம் இறங்காமலேயே திரும்ப நேர்ந்தது. அப்பெண்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. விதிகளும் கணக்குகளும் நேர்மையாகப் பேணப்படுவதும் விளையாட்டின் ஒரு பகுதியே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

பெற்றோரின் ஐயம்

‘விளையாட்டு சோறு போடுமா?’ என்னும் வினா லேக் மார்க்கெட்டுத் தமிழ் வீடுகளுக்கும் புதிதன்று. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் குறித்து அஞ்சுவது இயல்பே. அந்த அச்சத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று.

வேறு சிலர் மறுமுனையில் நிற்கின்றனர். இந்தியன் பிரீமியர் லீக்கின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விற்பனையாயின. அத்தொகையைக் காட்டி, இத்துறையில் பணம் கொட்டிக் கிடக்கிறது என்று பிள்ளைகளிடம் கூறுகின்றனர். இதுவும் முழு உண்மையன்று. போட்டி நடைபெறும் காலத்துக்கு மட்டும் அமர்த்தப்படும் பணிகள் இத்துறையில் பல உள்ளன. விடுமுறை நாளிலும் இரவிலும் உழைக்க வேண்டியிருக்கும். புகழ் வீரருக்கே சேரும்.

இவ்விரு முனைகளுக்கும் இடையே ஒரு நேர்வழி உண்டு. கொல்கத்தாவில் 1953இல் தொடங்கப்பட்ட இந்தியச் சமூகநல மற்றும் வணிக மேலாண்மை நிறுவனம் விளையாட்டு மேலாண்மையைக் கற்பிக்கிறது. சென்னையிலுள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் மேற்படிப்பு உண்டு. விரும்புவோர் அவ்வழியில் செல்லலாம். செல்லாதவர்க்கும் பள்ளியில் பெற்ற பயிற்சி வீணாகாது. ஒரு கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும், பிறர் பணத்துக்குக் கணக்கு எழுதவும், மழை வந்தால் மாற்றுத் திட்டம் வகுக்கவும் அறிந்தவர் எத்தொழிலிலும் பயன்படுவார்.

மற்றொரு நன்மையும் உண்டு. வகுப்பில் 40 பேர் இருந்தால் கால்பந்து அணியில் 11 பேரே இடம்பெறுவர். எஞ்சிய 29 பேர் கைதட்டுவதோடு நின்றுவிட வேண்டியதில்லை. எண்களில் தேர்ந்தவர் புள்ளிக்கணக்கை ஏற்கலாம். தமிழும் வங்காளமும் இந்தியும் அறிந்த புலம்பெயர் பிள்ளை, விருந்தினர் அணிகளை வரவேற்கவும் அறிவிப்புச் செய்யவும் தகுதி உடையது. மூன்று மொழிகளுக்கிடையே வளர்வதைச் சுமையாக எண்ணிய பிள்ளைக்கு அதுவே வலிமை என்பது அன்று புலப்படும்.

பள்ளி செய்ய வேண்டுவன

ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு சிறு போட்டியை மாணவரே நடத்தும் வாய்ப்பை ஒவ்வொரு பள்ளியும் அளிக்க வேண்டும். ஆசிரியர் அருகில் இருந்து காக்கலாம். முடிவுகளை மாணவர் எடுக்கட்டும். அட்டவணை, பாதுகாப்பு, வரவேற்பு, கணக்கு, அறிவிப்பு என ஐந்து குழுக்கள் போதும். போட்டி முடிந்ததும் வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். நேர்ந்த குறைகளைப் பட்டியலிட்டு அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இவற்றுள் பாதுகாப்புக் குழுவே முதன்மை பெறத்தக்கது. குடிநீர் எங்கே, முதலுதவி எங்கே, வெளியேறும் வழி எது, இடி இடித்தால் ஆட்டத்தை நிறுத்துபவர் யார் என்பவை எழுதப்படாமல் எந்த ஆட்டமும் தொடங்கலாகாது. பதினாறு வயது மாணவர் ஒருவர் வானத்தை நோக்கிவிட்டு, ‘இன்று ஆட்டம் வேண்டாம்’ என்று துணிந்து கூறவும், மற்றவர் அதற்குப் பணியவும் கற்றுக்கொண்டால் அப்பாடம் முழுமை பெற்றதாகும். அத்தகைய மாணவர் வளர்ந்து பொறுப்பேற்கும் காலத்தில், ஏரிக்குச் சென்ற பிள்ளையும் அரங்கிற்குச் சென்ற இரசிகரும் மாலையில் நலமாக வீடு திரும்புவர்.

சொற்பொருள்

அணியம் – ஆயத்தம்
அறம் – நேர்மையான ஒழுக்கம்
இடைநீக்கம் – சில காலம் விலக்கி வைத்தல்
எள்ளி நகையாடுதல் – இழிவாக எண்ணிச் சிரித்தல்
குருதிக்கொடை – இரத்ததானம்
புலம்பெயர்தல் – வாழும் இடம் விட்டு வேறிடம் சென்று குடியேறுதல்

சிந்தித்து எழுதுக

1. விளையாட்டு மேலாண்மையில் வணிகத்தை விடப் பாதுகாப்பு முதன்மையானது என்று கட்டுரை கூறுவதற்குரிய காரணங்கள் யாவை?
2. 9 அணிகள் பங்கேற்கும் போட்டியை நாக்-அவுட் முறையிலும் லீக் முறையிலும் நடத்தினால் எத்தனை ஆட்டங்கள் தேவை? உன் பள்ளிக்கு எம்முறை ஏற்றது? ஏன்?
3. ‘நிருவாகம் தவறினால் துன்புறுவோர் வீரர்களே’ – இக்கூற்றைத் தக்க சான்றுடன் விளக்குக.
4. உன் பள்ளி விளையாட்டு விழாவிற்குரிய பாதுகாப்புத் திட்டம் ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக. அதனை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் கூறும் கருத்துகளையும் சேர்த்து எழுதுக.