அயலார் என்றாலே கள்வரா?

அண்மையில் மாகறலில் போர்வை மூட்டை சுமந்துவந்த வடநாட்டார் ஒருவரை, “பிள்ளை பிடிப்பவனோ?” என்று நம்மவர் மறித்துக்கொண்டனர். ஊரில் எந்தப் பிள்ளையும் காணாமற் போகவில்லை!

2018 மேத் திங்களை மறந்தீரோ, தமிழர்களே? வடவர் கூட்டம் பிள்ளைகளைக் கடத்துகிறதென்று புலனத்தில் பரவிய பொய்யை நம்பி, அண்டை மாவட்டமாம் திருவண்ணாமலையின் அத்திமூரில் என்ன செய்தனர் நம்மவர்? குலக்கோயிலுக்குச் செல்லும் வழியில் சிறுவர்க்கு இனிப்புக் கொடுத்த சென்னை மூதாட்டியை அடித்தே கொன்றனர். உடன்வந்த உறவினர் குருதி வெள்ளத்தில் கிடந்தனர். வடவனுக்கு அஞ்சிய அச்சம் தமிழ்த்தாய் ஒருத்தியையன்றோ கொன்றது! அதே நாள்களில் ஆந்திர எல்லையை ஒட்டிய பழவேற்காட்டிலும் ஒருவர் அதே ஐயத்திற்கு இரையானார்.

2023 மார்ச்சில் பொய் திசைமாறி வந்தது. தமிழர் வடநாட்டுத் தொழிலாளரை வெட்டிக் கொல்கின்றனர் என்று, தொடர்பற்ற காணொளிகளைக் காட்டி வடக்கே பரப்பினர். பீகார் அரசு ஆய்வுக்குழுவையே விடுத்தது. அவை பொய்க் காணொளிகள் என்று நம் காவல்துறை அறிவித்தது. ‘தமிழினத்தைக் கொலைகாரர் என்பதா?’ என்று கொதித்தோம். கொதித்தது முறையே. அத்திமூர்க் கூட்டத்தை நோக்கி அப்படிக் கொதித்தோமா?

வெளியாரை வேலைக்கு அழைத்துக் குவிப்பது பற்றி அரசோடும் முதலாளியோடும் வழக்காடுவோம். அஃது உரிமைப் போர். எளியவனின் மூட்டைக்குள் பிள்ளையைத் தேடுவது எந்தப் போர்? ஐயமுண்டேல் 100 என்னும் எண்ணுக்குச் சொல்லுக; கை ஓங்கற்க.

மாகறலில் அம்மூட்டையை அவிழ்த்தார்கள். போர்வைகளே இருந்தன. ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை.