பாட்டியின் பெயரையும் எழுதி வைப்போம்

2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து நம்மவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஒரு சமூகம் வந்த கதையை அன்று நாடே பேசியது. ஆனால் நம் வீட்டுக் கதை நமக்குத் தெரியுமா? தாத்தாவின் அப்பா யார், எந்த ஊர்க்காரர், முதலில் எந்தத் தோட்டத்துச் செக்ரோலில் அவர் பேர் விழுந்தது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் இல்லை.

வம்ச வரலாறு தேடுவது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். நமக்கு அது உரிமையோடு சம்பந்தப்பட்ட விடயம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது? நீ இங்கே பிறந்தது மட்டும் போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்த பூட்டனுக்குக் கடதாசி எங்கே? இந்த மண்ணுக்கு உரம் போட்டவர்கள் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் உடைந்தன. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அந்தக் காயம் முழுதாக ஆறவில்லை. இன்றும் அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் என்றிருந்தால் சேமலாப நிதிப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது? வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து. பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்கள், குடியுரிமைப் பத்திரம், பழைய பாஸ்போர்ட், எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். விவாகச் சான்றிதழில் இரு பக்கத்துத் தகப்பன்மாரின் பெயர்களும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறை மேலே போகலாம். பத்திரம் தொலைந்திருந்தால், பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். ஏறத்தாழ எந்த ஆண்டு என்று தெரிந்தால் தேடித் தரவும் விண்ணப்பிக்கலாம்.

ஒரே எழுத்தில் பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் லெட்சுமி ஒரு புத்தகத்தில் லச்சுமியாகவும் இன்னொன்றில் இலட்சுமியாகவும் இருப்பாள். ஆங்கிலத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆகவே பெயரோடு தகப்பன் பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு ஆகியவற்றையும் ஒத்துப் பாருங்கள். பாடசாலைச் சேர்விடாப்பு, கோயில், தேவாலயப் பதிவுகள், கல்லறைக் கற்கள் ஆகியவையும் உதவும். இந்தியாவுக்குப் போன சொந்தக்காரரிடம் குடும்ப அட்டை இருந்தால் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

காகிதம் சொல்லாததை முதியவர்கள் சொல்வார்கள். "மண்டபம் கேம்பில் வைத்திருந்தார்கள், கப்பலில் வந்தோம்" என்றால், அது பெரும்பாலும் 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் பாதை திறந்த பிறகு நடந்த கதை. மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்த கதை என்றால் அதற்கும் முந்தியது. அவர்கள் பேசுவதைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பிறப்புச் சான்றிதழில் பாட்டனார் எங்கே பிறந்தார் என்று கேட்கும் கட்டம் உண்டு. பாட்டியைக் கேட்கும் கட்டம் இல்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்து இந்தத் தோட்டங்களை வாழவைத்தவள் அவள். அவளுடைய பெயரையும், அவளுடைய தாயின் பெயரையும் நாமே எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதப் போவதில்லை. சாதி பார்ப்பதற்காக இந்தத் தேடல் வேண்டாம். உழைத்தவர்களை மறக்காமல் இருப்பதற்காகத் தேடுவோம்.

நிர்வாகங்களிடம் நமது கோரிக்கை ஒன்றே. தோட்டங்கள் அரசுடைமையாகி, பின் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. இடையில் பழைய புத்தகங்கள் எத்தனையோ கைமாறின. காரியாலயங்களில் மிஞ்சியிருக்கும் செக்ரோல்களையும் பதிவுகளையும் எரிக்கவோ பழைய கடதாசிக்கு நிறுத்து விற்கவோ கூடாது. அவை கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும்.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். பிள்ளைகளிடம் ஒரு கொப்பியும் பேனாவும் கொடுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டிலுள்ள மூத்தவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் வரியில் பாட்டியின் பெயர் இருக்கட்டும்.