விருந்தாளியாக ஒரு விண்டோஸ்

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்க இயலாத பழைய கணினிகளை வைத்திருக்கும் இலக்கிய நண்பர்கள் சிலர் இப்போது லினக்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதில் பேஜ்மேக்கர் ஓடுமா?" கட்டற்ற மென்பொருள் அன்பர்களில் சிலருக்கு இக்கேள்வி பிடிப்பதில்லை. காலி செய்துவிட்டு வந்த வீட்டின் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் ஏன் சுமந்து வருகிறீர்கள் என்பது அவர்கள் கட்சி. நாங்கள் அக்கட்சியைச் சார்ந்தவர்களல்லர்.

1990-களிலும் 2000-களிலும் வெளிவந்த தமிழ்ச் சிற்றிதழ்களிலும் நூல்களிலும் கணிசமானவை பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டவை. ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்டு, 1994-இல் அடோபியின் கைக்குச் சென்ற மென்பொருள் அது. அதன் இறுதிப் பெரும்பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அக்கோப்புகளில் உள்ள தமிழோ பெரும்பாலும் ஒருங்குறித் தமிழன்று. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களால் ஆனது. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வரிசையை வைத்திருந்தனர். 1999-இல் தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரங்களை அறிவித்த பின்னரும் பல வரிசைகள் நீடித்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கவிதை இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும். ஆகவே பேஜ்மேக்கரைக் கேட்பவர் விண்டோஸ் மீதுள்ள பற்றினால் கேட்கவில்லை. தம் இதழின் பழைய பக்கங்களைக் கேட்கிறார்.

லினக்ஸில் இதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது வைன். 1993-இல் தொடங்கிய இத்திட்டம், விண்டோஸ் நிரல்கள் விடுக்கும் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரியும் கட்டளைகளாக உடனுக்குடன் பெயர்த்துத் தருகிறது. விண்டோஸே இதற்குத் தேவையில்லை. எனவே முதலில் இதை முயன்று பார்ப்பதே முறை. ஆனால் பழைய தமிழ்த் தட்டச்சுச் செயலிகளும் அச்சு இயக்கிகளும் விண்டோஸின் உட்பகுதியோடு பின்னிப் பிணைந்தவை. நல்ல மொழிபெயர்ப்பாளரும் வட்டார வழக்கில் தடுமாறுவதைப் போல, இத்தகைய இடங்களில் வைன் தடுமாறுவதுண்டு.

இரண்டாவது வழி மெய்நிகர் இயந்திரம். கணினிக்குள் மென்பொருளாலேயே ஆன இன்னொரு கணினி இது. அதற்கெனச் சிறிது நினைவகத்தை ஒதுக்குகிறோம். வன்தட்டுக்குப் பதிலாக ஒரு பெரிய கோப்பைக் கொடுக்கிறோம். அதனுள் நிறுவப்படும் விண்டோஸ், தான் ஒரு முழுக்கணினியில் இருப்பதாகவே எண்ணி இயங்கும். கருத்து புதிதன்று. ஐபிஎம் 1972-இலேயே தன் பெருங்கணினிகளுக்கு விஎம்/370 என்ற பெயரில் இதை வெளியிட்டது. மேசைக்கணினிக்கு 1999-இல் விஎம்வேர் கொண்டுவந்தது. 2007-இல் வெர்ச்சுவல்பாக்ஸ் வெளிவந்தது. அதே ஆண்டில் கேவிஎம் என்னும் வசதி லினக்ஸின் கருவிலேயே சேர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2001-இல் பரிந்துரைக்கப்பட்ட நினைவகம் வெறும் 128 மெகாபைட். இன்றைய எளிய மடிக்கணினியும் அதைப்போல் சில மடங்கைத் தயங்காமல் ஒதுக்கித் தரும்.

இத்துறையில் உள்ளே இயங்கும் இயங்குதளத்தை விருந்தினர் என்றும், இடம் தருவதை விருந்தளிப்பவர் என்றும் குறிப்பிடுகிறார்கள். நமக்கு நன்கு பழகிய உறவு இது; அதன் மரியாதைகளும் வரம்புகளும் நாம் அறிந்தவையே. விருந்தினரை முறைப்படி அழைக்கவேண்டும்: விண்டோஸுக்கு உரிமம் தேவை, மெய்நிகர் இயந்திரம் என்பதால் விலக்கு கிடையாது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டதால் அதை இணையத்தோடு இணைக்கலாகாது. இரண்டுக்கும் பொதுவான ஒரு கோப்புறை வழியே கொடுத்து வாங்கினால் போதும். வேலையைத் தொடங்குமுன் இயந்திரத்தின் அப்போதைய நிலையைச் சேமித்துவைத்தால், ஏதேனும் பழுதானாலும் அந்நிலைக்கே மீளலாம். மூலக்கோப்புகளைத் தொடாமல் அவற்றின் படிகளில் வேலை செய்வது நலம்.

இவ்வளவு வசதியிருக்க வேறென்ன வேண்டும் என்று அமர்ந்துவிடுவோரிடமும் எங்களுக்கு உடன்பாடில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். பழைய கோப்பைத் திறந்து பிடிஎஃப் ஆக்கிவிட்டால் கடமை முடிந்ததென்று பலர் கருதுகின்றனர். பிடிஎஃப் காப்பது பக்கத்தின் தோற்றத்தை மட்டுமே. உள்ளே இருப்பது அதே பழைய குறியீடுதான். அதில் ஒரு கவிஞரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. உரையைத் தனியே வெளியேற்றி ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். இது எழுத்துக்கு எழுத்து மாற்றும் வேலையுமன்று. பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக நிற்கும். ஒருங்குறியில் ககரம் முதலில் வரும், உயிர்க்குறி அதன் பின்னரே வரும். மாற்றி முடித்த பின்னும் ஒரு மனிதக் கண் மெய்ப்புப் பார்த்தாகவேண்டும்.

இதைத் தள்ளிப்போடுவதும் சரியன்று. மெய்நிகர் இயந்திரம் வேகமாக இயங்குவதற்குக் காரணம், உள்ளிருக்கும் விண்டோஸும் வெளியிலுள்ள கணினியும் ஒரே வகைச் செயலிக்கு உரியவையாக இருப்பதே. ஏஆர்எம் செயலியுள்ள கணினிகளில் பழைய எக்ஸ்பியை இவ்வாறு ஓட்ட இயலாது; பழைய செயலியையே மென்பொருளால் பாவனை செய்யவேண்டும், அதில் வேகம் குறையும். குறுந்தகடுகளும் கெட்டுப்போகின்றன. அவற்றைவிட விரைவாக, எந்த இதழுக்கு எந்த எழுத்துரு என்று நினைவு வைத்திருப்பவர்கள் நம்மைவிட்டு நீங்குகிறார்கள்.

ஆகவே இதழ் நடத்தியவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். கோப்புகளோடு எழுத்துருக்களையும் தேடி எடுத்து வையுங்கள். அவையின்றி மெய்நிகர் இயந்திரத்தாலும் பயனில்லை. பிறகு இதழுக்கு ஒரு மாலைப்பொழுதையேனும் ஒதுக்கி வேலையைத் தொடங்குங்கள். பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப், உரைக்கு ஓர் ஒருங்குறிக் கோப்பு என இரண்டும் கைக்கு வந்தபின் விருந்தினரை வழியனுப்பிவிடலாம்.