விமானியின் உறக்கம்

களுவாஞ்சிக்குடியில் இரவுப் பேருந்தேறிக் கொழும்பு செல்வோர், சாரதி கண்ணயர்ந்தால் தம் கதி யாதாகுமென்பதை நன்கறிவர். விமானத்துக்கு மட்டும் இந்நியாயம் செல்லாதென எண்ணுவோர் உளர்.

2024 ஜனவரியில் இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம், விமானிகளின் வாராந்த ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியது. இரவுப்பணியில் தரையிறக்கங்களை 6 இலிருந்து 2 ஆகக் குறைத்தது. இவ்விதிகள் 2025 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, ஆயத்தஞ் செய்ய ஏறத்தாழ ஈராண்டு கிடைத்தது. எனினும், 2025 டிசெம்பரில் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான பறப்புகளை இரத்துச் செய்தது. பழி விதியின்மேல் விழுந்தது. இரவுப்பணி விதிகளிலிருந்து அந்நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கும் கிடைத்தது.

தவறு விதியினதா? போதிய விமானிகளுக்கு முன்கூட்டியே திட்டமிடாத நிருவாகத்தினதன்றோ! நிறுவனத்தின் கணக்குப் பிழைக்கு விமானியின் உறக்கத்தை ஈடுவைப்பது எவ்வகை நீதி? பறந்த மணிக்கேற்ப ஊதியம் அளக்கப்படுமிடத்து, களைப்பை ஒப்புக்கொள்வோர் வருவாயையும் இழப்பர். கொழுத்த சம்பளம் பெறுவோருக்கு ஓய்வெதற்கு என்பார்க்கு ஒன்று கூறுவோம்: சம்பளம் கண்ணிமையைத் திறந்து வைக்காது.

2024 இல் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே சேவை தொடங்கியதும் இந்நிறுவனமே. ஆகவே இஃது அயலார் வழக்கன்று. விமானியின் ஓய்வு சலுகையன்று, பயணியின் உயிர்க்காப்பு. அதனை விலைபேச எவருக்கும் உரிமையில்லை.