பட்டி பூச முடியாத கார்

கார் கதவில் ஒடுக்கு விழுந்தால் டிங்கர் அதிகம் கவலைப்படுவதில்லை. தட்டி ஓரளவு நிமிர்த்துவார், மிச்சத்தைப் பட்டி பூசி மறைப்பார், மேலே பெயின்ட். டிலோரியன் காரிடம் இந்த ஜம்பம் பலிக்காது. 1985இல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் காலத்தைத் தாண்டியதே, அதேதான். 1981-82இல் வட அயர்லாந்தில் தயாரான இதன் வெளித் தகடு எவர்சில்வர். பெயின்ட் கிடையாது.

கீறல் என்றால் பயமில்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போன்ற ஒன்றே போதும். ஆனால் தகட்டில் இழை ஓடும் திசையில் நேராகத்தான் தேய்க்க வேண்டும். சமையலறைப் பழக்கத்தில் வட்டமாகச் சுழற்றினால் அந்த இடம் தழும்பு போலத் தனித்துத் தெரியும். இரும்பு நார் கூடவே கூடாது. அதன் துணுக்குகள் தகட்டில் ஒட்டித் துருப்பிடிக்கும்; கெட்ட பெயர் எவர்சில்வருக்கு!

ஒடுக்குதான் வில்லன். எவர்சில்வர் அடிக்க அடிக்க இறுகும் உலோகம். அளவு மீறி அடித்தால் தகடு விரிந்து, டப்பா மூடி மாதிரி அமுக்கினால் உள்ளே போய் வெளியே வரும். சூடு காட்டிச் சுருக்கலாம் என்றால் நீலம் பாயும். எனவே பின்புறமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எடுத்து, பக்கத்துத் தகட்டோடு பொருந்தும்படி இழையை மறுபடி போட வேண்டும். அரைகுறை வேலையை மறைக்க வழியே இல்லை. சுமார் 9,000 கார்களோடு தயாரிப்பும் நின்றுவிட்டதால், கெடுத்த தகட்டை அலட்சியமாகத் தூக்கியெறியவும் முடியாது.

2023இல் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக்கும் பெயின்ட் இல்லாத எவர்சில்வர்தான். தகடு இன்னும் தடிமன். லேசில் ஒடுங்காது, ஒடுங்கினால் லேசில் நிமிராது.