வரிகளையும் கேளுங்கள்

‘இசைக்கு மொழி கிடையாது’ என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இப்படிச் சொல்கிறவர்கள் சான்றாகக் காட்டும் பாடல்களில் ஒன்று ‘அலோர் ஓன் தான்ஸ்’. ‘அப்படியானால் ஆடுவோம்’ என்று பொருள். 2009இல் பெல்ஜியத்தில் வெளிவந்த இந்தப் பாடல், 2010இல் பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி என்று நாடு நாடாக முதலிடம் பிடித்தது. பாதிப் பேருக்கு ஒரு சொல்கூடப் புரியாமல்தான் ஐரோப்பா அதற்கு ஆடியது என்பார்கள்.

ஆடியது உண்மை. சாக்ஸபோன் போல ஒலிக்கும் அந்தச் சில சுரங்கள் மனத்தை விட்டுப் போவதில்லை. ஆனால் அந்தத் தாளத்தின் மேல், பாடலைப் பாடிய பெல்ஜியப் பாடகர் ஸ்ட்ரோமாய் என்ன சொல்கிறார்? படிப்பில் தொடங்குகிறார். அது வேலைக்குப் போகிறது, வேலை பணத்துக்கு, பணம் கடனுக்கு. அப்புறம் மணமுறிவு, சாவு, உலகையே பிடித்த நெருக்கடி. 2008 பொருளாதாரச் சரிவின் சூடு ஆறாத நேரம் அது. வேலைக்குப் போய்க் களைத்தவர்கள் எல்லாவற்றையும் மறக்க இரவில் வெளியே கிளம்புகிறார்கள். ஆடியும் துயரம் தீரவில்லை. இதையெல்லாம் அழுது பாடவில்லை, மளிகைப் பட்டியல் வாசிக்கிற குரலில் சொல்லிக்கொண்டே போகிறார். எனக்கு நெஞ்சை அடைப்பது அந்தக் குரல்தான்.

வகுப்பில் இந்தப் பாடலை நான் முதலில் ஒலிக்கவிடுவதில்லை. வரிகளை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். அகராதியைப் புரட்டி, ஒவ்வொரு வரியாகப் பிடித்து வருவார்கள். “மேடம், ஈ.எம்.ஐ. தேதி வந்தா எங்க அப்பா இப்படித்தான் பேசுவாரு” என்றாள் ஒரு மாணவி. அதற்குப் பிறகு பாட்டைப் போட்டேன். அவள் கேட்ட பாட்டும், முன்பு எங்கேயோ கேட்டு ஆடிய அதே பாட்டும் ஒன்றல்ல.

பாடியவரின் வாழ்க்கையும் லேசானதல்ல. இயற்பெயர் போல் வான் ஹாவெர். 1985இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தார். ருவாண்டாக்காரரான தந்தை 1994 இனப்படுகொலையில் கொல்லப்பட்டார். பெல்ஜியரான தாய்தான் பிள்ளைகளை வளர்த்தார். என்.ஆர்.ஜே. வானொலியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தபோது, அங்கேயே இந்தப் பாடல் முதலில் ஒலிபரப்பானது. 2013இல் வந்த ‘பப்பாவூத்தே’ அப்பா எங்கே என்று தேடுகிற பாடல். அதற்கும் உலகம் ஆடியது.

அதே ஆண்டு வந்த ‘ஃபோர்மிதாப்ல்’ பாடலின் காணொளியை அவசியம் பாருங்கள். பிரஸ்ஸல்ஸின் லூயிஸ் டிராம் நிறுத்தத்தில், காலை நேரக் கூட்டத்துக்கு நடுவே, குடித்தவர் போலத் தள்ளாடி நிற்கிறார். படம்பிடிக்கும் கருவிகள் மறைவில் இருக்கின்றன. பலர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்கள். போலீஸார் வந்து அடையாளம் கண்டு, கனிவாகப் பேசி, வீட்டில் விட்டுவிடட்டுமா என்று கேட்கிறார்கள். காதல் முறிந்த ஒருவனின் புலம்பல் அந்தப் பாடல். மொழி தெரியாமல் பார்த்தால் தெரிவது தள்ளாட்டம் மட்டும்தான்.

‘அலோர் ஓன் தான்ஸ்’ வென்ற 2010இல் பெல்ஜியம் மொழிப் பிணக்கில் சிக்கிக் கிடந்தது. டச்சு பேசும் வடக்கும் பிரெஞ்சு பேசும் தெற்கும் இணங்காமல், ஜூன் தேர்தலுக்குப் பிறகு 541 நாட்கள் முழு அரசு அமையவில்லை. ஆனாலும் இரண்டு பக்கத்துத் தரவரிசையிலும் இந்தப் பாடலுக்கு முதலிடம். வடக்கில் உள்ளவர்கள் பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறவர்கள். அவர்களுக்கு இது பொருள் தெரியாத வெறும் ஓசையாக இருந்திருக்க முடியாது.

அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் சேர்ந்து ஆங்கிலத்தில் பாடிய ரீமிக்ஸும் 2010இல் வந்தது. உலகச் சந்தைக்குப் போக ஆங்கிலம் வேண்டும் என்று நம்புகிறவர்கள் அப்போது என்ன எதிர்பார்த்திருப்பார்கள்? ஆனால் ஸ்ட்ரோமாய் ஆங்கிலப் பாடகராக மாறவில்லை. 2015இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மேடையேறியபோதும் பிரெஞ்சுப் பாடல்களைத்தான் பாடினார். 2022 ஜனவரியில் பிரான்ஸின் டிஎஃப்1 தொலைக்காட்சிச் செய்தியில், பேட்டிக் கேள்விக்கு விடையாகவே தற்கொலை எண்ணங்களைப் பற்றிய ‘லான்ஃபேர்’ பாடலைப் பாடினார். அந்த இரவில் மொழிக்கு வேலை இல்லை என்று எவராவது சொல்ல முடியுமா?

பிரெஞ்சு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாப் பாடலைப் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடப் பொழுதுபோக்காக வைக்காதீர்கள், பாடமாகவே நடத்துங்கள். வாசகர்களுக்கும் அதேதான். பிரெஞ்சோ கொரியனோ ஸ்பானிஷோ, பிடித்துப்போன ஒரு பாட்டின் வரிகளைத் தேடி எடுத்து, பொருளோடு ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுங்கள். பிறகு தாராளமாக ஆடுங்கள்.