ஒரு பெயர் மட்டும் போதுமா?



ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய முற்றத்தில் நம் வாலிபர்கள் கூடி நிற்கும்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக ஆடியவர்களுள் மிகச் சிறந்தவர்கள் யார்? சிலர் கைப்பேசியைத் திறந்து ரன் கணக்கைக் காட்டுவார்கள். சிலர் குரலை உயர்த்துவார்கள். பெரியவர்களும் மெல்ல அருகே வந்து ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த வாரம் அக்கேள்வியையே சிந்தனைக்கு எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டைப் பற்றிய கேள்விதான். ஆயினும் ஒரு மனிதருடைய உழைப்பை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதை அது வெளிப்படுத்திவிடுகிறது.

நம் புதுச்சேரிக்கென்று ஐபிஎல் அணி கிடையாது. மாலை வேளையில் முதியவர்கள் பெத்தாங்க் குண்டு எறிந்து விளையாடும் ஊர் இது. ரஞ்சிக் கோப்பையில் புதுச்சேரி என்ற பெயரில் ஓர் அணி களமிறங்கியதே 2018-19 பருவத்தில்தான். எனினும் 2008 முதல் நம் பிள்ளைகள் சென்னையின் மஞ்சள் சட்டையைத் தங்கள் சொந்தச் சட்டையாகவே அணிந்து வருகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தேறி சேப்பாக்கம் சென்று, நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்புகிறவர்கள் நம் சபையிலும் உண்டு. ஆகவே இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கும் உரிமை இருக்கிறது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலின் முதல் பெயர் மகேந்திர சிங் தோனி; அதில் எனக்கு விவாதமில்லை. ஆனால் அந்த ஒரு பெயரை எழுதிவிட்டு எழுதுகோலை மூடிவிடுகிற பட்டியலை நான் ஏற்கமாட்டேன். அது மற்றவர்களுக்கு மட்டுமன்றித் தோனிக்கும் நியாயம் செய்யாது.

முதல் இடம் ஏன் அவருக்கு? 2008-இல் நடந்த முதல் ஏலத்திலேயே 15 லட்சம் டாலருக்கு, அன்றைய மிக உயர்ந்த விலைக்கு, சென்னை அவரை எடுத்தது. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகளும் அவருடைய தலைமையில் வந்தவை. 2025 மார்ச்சில், சென்னைக்காக ஐபிஎல்லில் அதிக ரன் எடுத்தவர் என்ற இடமும் அவருக்கு வந்தது. இவற்றைவிட நான் மதிப்பது வேறொன்று. கோப்பை வாங்கும்போது அதை இளையவர் கையில் கொடுத்துவிட்டு, புகைப்படத்தின் ஓரத்தில் போய் நின்றவர் அவர். அவர் விட்டுக்கொடுத்த நடுவிடத்தில் மீண்டும் அவரையே இழுத்து நிறுத்துகிறவர்கள் நாம்தான்.

2025-இல் தோனி கடந்து சென்ற அந்த 4,687 ரன் யாருடையது? சுரேஷ் ரெய்னாவுடையது. 2008 முதல் 2015 வரை சென்னை ஆடிய ஐபிஎல் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. முதல் கோப்பையை வென்ற 2010 இறுதிப்போட்டியில் மும்பைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 57 ரன் எடுத்தார். இவ்வளவு செய்தவரை 2022 ஏலத்தில் எந்த அணியும் எடுக்கவில்லை, சென்னையும் எடுக்கவில்லை. வயதும் ஆட்டத்திறனும் பார்த்து அணிகள் முடிவெடுப்பது இயல்பு. ஆனால் ஏலத்தில் விலைபோகாத பெயர் நம் நினைவிலும் விலைபோகாமல் கிடக்கலாமா?

2011 இறுதிப்போட்டியை நினைத்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் முரளி விஜய் 52 பந்துகளில் 95 ரன் குவித்தார். பின்னர் அந்தப் பருவத்தில் எதிரணிகளை நடுங்கவைத்த கிறிஸ் கெய்லை, ரவிச்சந்திரன் அஸ்வின் முதல் ஓவரிலேயே ரன் எதுவுமின்றி வெளியேற்றினார். 2013-இல் மைக் ஹஸ்ஸி 733 ரன்னுடன் ஆரஞ்சு தொப்பியையும், டுவைன் பிராவோ 32 விக்கெட்டுடன் ஊதா தொப்பியையும் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். 2021-இல் ருதுராஜ் கெய்க்வாட் 635 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி பெற்றார். அவருடன் தொடக்க ஆட்டம் ஆடிய ஃபாஃப் டு பிளெசிஸ் எடுத்தது 633. இறுதிப்போட்டியில் 86 ரன் அடித்து, கடைசிப் பந்தில் ஆட்டமிழந்து, இரண்டு ரன் குறைவில் நின்றார். அந்த இரண்டு ரன்னுக்காக அவரைப் பட்டியலிலிருந்து நீக்குவோமா?

தோற்ற நாள்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். 2014-இல் பஞ்சாப் அணிக்கு எதிரான தகுதிச்சுற்றில் ரெய்னா 25 பந்துகளில் 87 ரன் எடுத்தார்; சென்னை தோற்றது. 2018 இறுதிப்போட்டியில் முதல் 10 பந்துகளில் ஒரு ரன்னும் எடுக்காத ஷேன் வாட்சன், பொறுத்திருந்து ஆட்டமிழக்காமல் 117 எடுத்துக் கோப்பையைத் தந்தார். மறு ஆண்டு இறுதிப்போட்டியில் முழங்காலில் இரத்தம் கசிய ஆடி 80 எடுத்தார். சென்னை ஒரே ஒரு ரன்னில் தோற்றது. முந்தைய ஆண்டின் வாட்சனைக் காட்டிலும் இந்த வாட்சன் எந்த விதத்தில் சிறியவர்?

நம் மண்ணின் மைந்தர்களையும் விட்டுவிடாதீர்கள். ஐபிஎல் வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை 2008 மே 10 அன்று சேப்பாக்கத்தில் எடுத்தவர் லட்சுமிபதி பாலாஜி. முதல் இரண்டு கோப்பைகளை வென்ற அணியில் நடுவரிசையைத் தாங்கி நின்றவர் சுப்பிரமணியம் பத்ரிநாத். சிக்ஸர்களைத் தொகுத்துக் காட்டும் காணொளிகளில் அவரை அதிகம் காணமாட்டீர்கள். சரிந்த வீட்டுக்கு முட்டுக்கொடுக்கும் கம்பத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

இப்போது என் மனதை உறுத்தும் காரியத்துக்கு வருகிறேன். அது ரவீந்திர ஜடேஜாவைப் பற்றியது. 2023 மே மாதம் சேப்பாக்கத்தில் டெல்லி அணியை வென்றபின், ஆட்டநாயகன் விருது பெற்ற அவர் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னார். தாம் முன்னதாகவே ஆட வந்துவிட்டால், தாம் எப்போது ஆட்டமிழப்போம் என்று ரசிகர்கள் காத்திருப்பார்கள் என்பது அதன் பொருள். அவர் வேடிக்கையாகச் சொன்னார், நாமும் சிரித்தோம். ஆனால் அந்த நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். களத்தில் நிற்பவர் நம் அணிக்காரர். அவர் எடுக்கும் ரன் நம் ரன். அவர் வீழ்ந்தால் நமக்கு நட்டம். அப்படியிருந்தும், அடுத்து வருகிறவர் முகத்தைக் காணும் ஆசையில், நம்மவரே வீழும்போது ஆரவாரம் செய்கிறது ஒரு கூட்டம். எதிரணிக்கு அன்று தனியாக ரசிகர்கள் தேவைப்பட்டிருக்கமாட்டார்கள்.

அதே மாத இறுதியில், மழையால் நாள் தள்ளிப்போன இறுதிப்போட்டி அகமதாபாத்தில் நள்ளிரவைத் தாண்டி நடந்தது. தோனி முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் தேவை. மட்டையோடு நின்றவர் ஜடேஜா. மோஹித் சர்மாவின் பந்தில் ஒரு சிக்ஸர், அடுத்து ஒரு பவுண்டரி. ஐந்தாவது கோப்பை வந்தது. தோனி அவரைத் தூக்கி அணைத்துக்கொண்டார். கோப்பையைப் பெற்றுக்கொள்ளவும் தாம் தனியே போகாமல், விடைபெறும் அம்பத்தி ராயுடுவையும் ஜடேஜாவையும் அழைத்துச் சென்றார். மூத்தவருக்குத் தெரிந்த நியாயம் அவரைக் கொண்டாடுகிறவர்களுக்கும் தெரிய வேண்டாமா? 2025 நவம்பரில் ஜடேஜா, தாம் 2008-இல் தொடங்கிய ராஜஸ்தான் அணிக்கே வீரர் பரிமாற்றத்தில் சென்றுவிட்டார். அவர் ஏன் சென்றார் என்று ஆராய்வது என் வேலையன்று. ஆனால் சென்றபின் கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர், அவர் களத்தில் நின்றபோது அவருக்காகக் கைதட்டினார்கள்?

இதற்கு ஒரு மறுமொழி உண்டென்று அறிவேன். “ஐயா, தோனி இன்னும் எத்தனை ஆண்டு ஆடுவார்? தொலைவிலிருந்து பணம் செலவழித்து வருகிறோம். அவரை ஒருமுறை பார்த்துவிட ஆசைப்படுவது குற்றமா?” என்று வாலிபர் ஒருவர் கேட்பார். குற்றமில்லை, தம்பி. அன்பு இயல்பானது, வயதாகும் வீரரைக் கடைசியாகக் காணும் ஏக்கமும் இயல்பானது. அவர் வரும்போது எழுந்து நில்லுங்கள், தொண்டை வறளக் கூப்பிடுங்கள். ஆனால் ஒருவரை நேசிப்பதற்கு இன்னொருவருடைய வீழ்ச்சி விலையாகிவிட்டால், அந்த நேசம் தடம் மாறிவிட்டது. வேதம் எச்சரிக்கும் விக்கிரகம் எப்போதும் கல்லாலும் மரத்தாலும் ஆனதாக இருப்பதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

தாவீது ராஜாவின் பராக்கிரமசாலிகளின் பட்டியலை 2 சாமுவேல் 23-ஆம் அதிகாரத்தில் வாசித்திருப்பீர்கள். ராஜா ஒருவரே போதும் என்று அதை எழுதியவர் நினைக்கவில்லை. கை பட்டயத்தோடு ஒட்டிக்கொள்ளுமட்டும் போரிட்ட எலெயாசார் அதில் இருக்கிறார். மற்றவர்கள் ஓடிப்போனபோது ஒரு பயற்று வயலின் நடுவே நின்று அதைக் காத்த சம்மா இருக்கிறார். படைத்தலைவர் யோவாபின் ஆயுதம் சுமந்தவருக்கும் அதில் இடமுண்டு. மொத்தம் 37 பேர் என்று முடியும் அப்பட்டியலின் கடைசிப் பெயர் உரியா. ராஜா யாருக்குப் பெரும் அநீதி இழைத்தாரோ, அவருடைய பெயர். அதையும் மறைக்காமல் எழுதியதால் அது நேர்மையான பட்டியல்.

நம் வீடுகளிலும் சபையிலும் இப்படிப்பட்ட பட்டியல்கள் எழுதப்படுகின்றன. நற்செய்திக் கூட்டத்தில் பெயர்பெற்ற பிரசங்கியார் எப்போது மேடையேறுவார் என்று காத்திருக்கிறோம். அவருக்கு முன் பேசும் நம் உபதேசியார் எப்போது முடிப்பார் என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். மழையிலும் நம் வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர் அந்த உபதேசியார்தான். பிரான்சிலிருந்து மகன் எப்போது வருவான் என்று பெற்றோர் வாசலைப் பார்த்திருக்கிறார்கள். வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக்கொடுத்து, மருத்துவமனை வரிசையில் கால்கடுக்க நிற்கும் மகள் அதே வீட்டின் அடுக்களையில் இருக்கிறாள். மகன்மேல் உள்ள அன்பு குறைய வேண்டியதில்லை. ஆனால் இப்போது களத்தில் நின்று ஆடிக்கொண்டிருப்பது யார்?

ஆகையால், வாலிபரே, அடுத்த முறை பட்டியல் போடும்போது தோனியின் பெயரை முதலில் எழுதுங்கள். அதன் கீழே ரெய்னா, ஜடேஜா, பிராவோ, அஸ்வின், ஹஸ்ஸி, வாட்சன், டு பிளெசிஸ் என்று எழுதுங்கள். பத்ரிநாத்துக்கும் பாலாஜிக்கும் ஒரு வரி விட்டுவையுங்கள். வரிசையை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அதைப் பற்றி முற்றத்தில் என்னோடும் வாதாடலாம். சேப்பாக்கத்துக்குப் போனால், களத்தில் நிற்பவர் யாராயிருந்தாலும், அவர் வெளியேறும்வரை அவருடைய ரன்னுக்காகக் கைதட்டுங்கள். வீடு திரும்பியபின், இத்தனை நாள் உங்களுக்காக ஆடிக்கொண்டிருந்தும் நீங்கள் பெயர் சொல்லிப் பாராட்டாத ஒருவரை நினைத்து, இந்த வாரத்திலேயே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக.